நோம்பிக்கு பார்ட்டிகளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பறது எப்பிடிங்க

திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி ஆபீஸ்ல 16 வருஷமா குப்பை கொட்டறனுங்க. கணக்கு, டெஸ்பேட்ச், வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுக்கற பையருக்கு மெயில், கரண்டு போச்சுன்னா ஜெனரேட்டர் ஆளக் கூப்பிடறதுன்னு எல்லாமே நம்ம தலைலதான், அதுல ஒண்ணு தீவாளி பொங்கல் கிறிஸ்துமஸ்னு நோம்பி, அதாவது பண்டிகை வந்தா பார்ட்டிகளுக்கு, நம்மகூட கொடுக்கல் வாங்கல் வெச்சிருக்கறவங்களுக்கு, வாழ்த்து அட்டை அனுப்பறது. மொதலாளி சொல்றப்ப ரெண்டே வார்த்தைதான், "அட்டை அனுப்பிரு கண்ணு" அப்பிடிம்பாரு. அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள எத்தன வம்பு இருக்குதுன்னு நாலஞ்சு வருஷம் அடிபட்டுத்தான் தெரிஞ்சுது. இப்ப புதுசா கம்பெனி ஆரம்பிச்ச பசங்க ரெண்டு மூணு பேரு கேட்டாங்க, சரி எழுதியே போட்டுரலாம்னு உக்காந்தாச்சு.

மொதல்ல நான் பண்ணுன கூத்தச் சொல்லிர்றனுங்க. வேலைக்கு சேந்த மொத வருஷம், தபால் காசு மிச்சம் பண்றோம்னு நெனச்சுட்டு தீவாளி அட்டை போற அதே கவர்ல பில் பாக்கி ஸ்டேட்மெண்டையும் மடிச்சு வெச்சு அனுப்பீட்டேன். கரூர்ல ஒரு கடைக்காரரு, எங்களுக்கு பத்து வருஷத்துப் பார்ட்டி, கவரப் பிரிச்சா முன்னால விளக்கு படம், பின்னால 40 நாள் பாக்கி. மனுசன் ஒரு வார்த்தை பேசல, அடுத்த நாளே முழுப் பாக்கிக்கும் செக் போட்டு அனுப்பீட்டாரு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோசம், அட்டை நல்லா வேலை செய்யுதுன்னு. ஆனா அதுக்கப்புறம் அவரு கடைல இருந்து ஒரு பீஸ் ஆர்டர் வரலீங்க. மொதலாளி நேர்ல போயி கேட்டதுக்கு, "நோம்பிக்கு கூப்பிட்டு இலைல சோத்தோட பில்லும் வெப்பீங்களா"ன்னு கேட்டாராம். அன்னிக்கு ஆரம்பிச்சு எங்க ஆபீஸ்ல இருக்கற சட்டம் ஒண்ணேதான், வாழ்த்துக்குள்ள வேற எதையும் ஏத்தக் கூடாது. பாக்கி, புது ரேட், புது மெசின் வாங்குன சேதி, 10 சதவீத தள்ளுபடி, விசிட்டிங் கார்டு, எதுவுமே. கீழ எழுதீருக்கற எல்லாமே இந்த ஒண்ணுல இருந்து வந்ததுதான்.

செரி, வேலைக்கு வருவோம். அட்டை வாங்கறதுக்கு முன்னால லிஸ்ட் எழுதோணும். டேலிங்கற கணக்கு சாப்ட்வேர்ல இருக்கற லெட்ஜர் லிஸ்ட்ட அப்பிடியே பிரிண்ட் எடுத்து அதுக்கு அனுப்பறவங்க நெறையப் பேரு, அது தப்புங்க. லெட்ஜர்ல கம்பெனி பேருதான் இருக்கும், ஆளு பேரு இருக்காது. அதுல போன வருஷம் சண்ட போட்டு கணக்கு முடிச்ச ஆளும் இருப்பாரு, கடைய மூடீட்டுப் போனவரும் இருப்பாரு. நான் தனியா ஒரு நீட்டு நோட்டு வெச்சிருக்கேன், கம்ப்யூட்டர்லயும் இருக்குது, ஆனா நோட்டுதான் நமக்கு வசதி. ஆளு பேரு அவரு எப்பிடி எழுதுவாரோ அப்பிடியே இனிசியலோட, கம்பெனி, அட்ரஸ், பின்கோடு, எந்த நோம்பிக்கு அனுப்பறது, போன வருஷம் அனுப்புனமா, அவுங்க கிட்ட இருந்து வந்துதா, கடைசியா "விசயம்"னு ஒரு கட்டம். அந்த விசயம் கட்டந்தான் உயிர் நாடி. மகளுக்கு கண்ணாலம் ஆச்சு, பையன் கடைல உக்காந்துட்டான், ஆபரேசன், அப்பா தவறீட்டாரு, இப்பிடி வருஷம் பூராவும் காதுல விழுகறதெல்லாம் அதுல ஏறோணும். யாரு காதுலீங்க விழுகும், டெலிவரி போற டெம்போ டிரைவரு காதுலதான் மொதல்ல விழுகும், அவருகிட்ட செப்டம்பர் கடைசில ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு லிஸ்ட்ட படிச்சுக் காட்டுங்க, அரை மணி நேரத்துல பாதி லிஸ்ட் திருத்தி ஆயிரும்.

ஏன் இவ்வளவு சொல்றன்னா சாவு விழுந்த வீடு. நம்ம பக்கம் ஊட்ல ஒரு எழவு ஆயிருச்சுன்னா அந்த வருஷம் நோம்பி கும்புட மாட்டாங்க, பலகாரம் சுட மாட்டாங்க, பங்காளி வீடுங்க கூட சேந்து நிறுத்தீருவாங்க. அந்த வீட்டுக்கு "குடும்பத்துடன் குதூகலமாகக் கொண்டாட"ன்னு தங்கக் கலர்ல அடிச்ச அட்டை போனா எப்பிடி இருக்கும். ஒருக்கா போயிருச்சுங்க. நூல் ஏஜென்ட் ஒருத்தரு, சம்சாரம் தவறி ரெண்டு மாசம், எங்களுக்குத் தெரியாது. அவரு ஒண்ணுமே சொல்லல, அடுத்த தடவை பாத்தப்ப "உங்க அட்டை வந்துச்சுங் தம்பி" அப்பிடின்னாரு, அவ்வளவுதான், எனக்கு தரைல பூந்துக்கலாம் போல ஆயிப் போச்சு. அந்த மாதிரி வீட்டுக்கு அந்த வருஷம் அட்டை வேண்டாம், நோம்பி கழிச்சு மொதலாளி ஒருக்கா நேர்ல போயிட்டு வரட்டும், தூரமா இருந்தா போன் போதும், போன்லயும் வாழ்த்து சொல்ல வேண்டாம், எப்பிடி இருக்கீங்கன்னு கேட்டாப் போதும். நம்மூரு வழக்கம் மட்டும்னு நெனச்சுட்டிருந்தேன், ஜப்பான்லயும் இதே கதைதானாம், துக்கம் நடந்த வீட்டுக்காரங்களே வருஷக் கடைசில தனியா ஒரு அட்டை போட்டு "இந்த வருஷம் நாங்க புத்தாண்டு வாழ்த்து அனுப்பல"ன்னு முன்கூட்டியே சொல்லீருவாங்களாம், மத்தவங்களும் அவுங்களுக்கு அனுப்ப மாட்டாங்களாம். நமக்கு அந்த வசதி இல்லாததால டெம்போ டிரைவரு.

அடுத்தது யாருக்கு எந்த நோம்பி. எல்லாருக்கும் தீவாளிக்கே அனுப்பீர்றது சுலபம், ஆனா தீவாளிக்கு ஒவ்வொரு டேபிள்லயும் நாப்பது அட்டை குமிஞ்சு கெடக்கும், ஸ்வீட் பாக்ஸ் வேற, உங்க அட்டைய எவரு பாப்பாங்க. உள்ளூர் பார்ட்டிக்கு, முக்கியமா ஈரோடு மஞ்சள் மண்டிக்காரங்க, பொள்ளாச்சி தேங்காய்க்காரங்க, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க இவுங்களுக்கெல்லாம் பொங்கல்தான் சரி, தோட்டங்காடு இருக்கறவங்க, பட்டிப்பொங்கல் வெக்கறவங்க. கோயமுத்தூர்ல பம்ப், மோட்டார், பவுண்டரி, லேத் பட்டறைக்காரங்களுக்கு ஆயுத பூஜை, ஆனா அதுக்கு அட்டை அனுப்பாதீங்க, போன் பண்ணி "பூஜை நல்லா ஆச்சுங்களா"ன்னு கேக்கறது இல்ல பக்கத்துல இருந்தா போயி பொரிகடலை வாங்கித் தின்னுட்டு வர்றதுதான் மரியாதை. பாய் கடைங்களுக்கு ரம்ஜான், ஆனா பிறை பாத்துத்தான் நோம்பி நாளு முடிவாகும், அதனால அட்டைல தேதி அடிக்காதீங்க, வெறும் வாழ்த்தோட ஒரு வாரம் முன்னாலயே கெடைக்கற மாதிரி பாத்துக்குங்க. பாலக்காட்டுப் பார்ட்டிக்கு ஓணம்.

சூரத் பார்ட்டி இருக்கறவங்க ஒண்ணு கவனிக்கோணும். நமக்கு தீவாளின்னா விடியக்காலம் எண்ணெய் தேச்சுக் குளிக்கற நரக சதுர்த்தசி, அவுங்களுக்கு அமாவாசை ராத்திரி லட்சுமி பூஜை, அதனால சில வருஷம் நமக்கு அடுத்த நாளுதான் அவுங்களுக்கு தீவாளி. அதுக்கு அடுத்தாப்புல குஜராத்திகளுக்கு வருஷப் பொறப்பு, புதுக் கணக்கு போடறது, அப்புறம் லாப பஞ்சமி வரைக்கும் மார்க்கெட்டே தெறக்காது. அவுங்களுக்கு ஒரே அட்டைல தீவாளியும் புத்தாண்டும் சேத்தி எழுதுனா மனுசன் அசந்து போயிருவாரு, இவனுக்கு நம்ம வருஷப் பொறப்பு தெரியுதேன்னு. தீவாளிக்கு நாலு நாள் முன்னால சேந்தாப் போதும். அந்தப் பத்து நாள் பாக்கிக்கு போன் பண்ணாதீங்க, கை கூப்பிக் கேக்கறேன்.

சாமி படம் போடலாமான்னு கேப்பாங்க. வேண்டாமுங்க. மதம் ஒரு காரணம், இன்னொண்ணு பொழப்புக் காரணம், சாமி படம் போட்ட அட்டைய எவரும் குப்பைல போட மாட்டாங்க, போடவும் முடியாம வெக்கவும் முடியாம ஆபீஸ் பீரோ மேல கெடந்து நூலாம்படை புடிச்சு, அதப் பாக்கறப்பெல்லாம் அவுங்களுக்கு ஒரு உறுத்தல். நம்ம சாமான்களே எத்தனையோ இருக்குது. பொங்கல் அட்டைன்னா எந்த ஊரோ தெரியாத பானை, கம்ப்யூட்டர்ல வரஞ்ச கரும்புன்னு போடறதுக்கு பதிலா காப்புக் கட்டுக்கு வாசல்ல சொருகற பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைய ஒரு போட்டோ புடிச்சுப் போடுங்க, போன மூணு வருஷத்துல எங்க அட்டைய டேபிள் கண்ணாடிக்கு அடில வெச்சிருந்ததப் பாத்தது அந்த ஒரு அட்டைதான். உங்க பேக்டரி போட்டோ, மொதலாளி போட்டோ, ரெண்டும் வேண்டவே வேண்டாம், எலக்சனுக்கா நிக்கறோம்.

அச்சடிக்கற விசயம் கொஞ்சம் நெறையாவே சொல்லோணும், ஏன்னா காசு வீணாப் போறது இங்கதான். சிவகாசில அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்த ஆடி 18க்கே வெளியிட்டுருவாங்க, அதுக்கப்புறம் டிசம்பர் வரைக்கும் பிரஸ்ஸுங்க எல்லாம் காலண்டர், டைரின்னு நிக்க நேரமில்லாம ஓடும், நீங்க டிசம்பர் 20க்கு போயி பொங்கலுக்கு 300 அட்டைன்னா உங்க வேலைய கடைசில தள்ளீருவாங்க. தீவாளிக்குன்னா தீவாளிக்கு 45 நாள் முன்னால, பொங்கலுக்குன்னா டிசம்பர் மொத வாரம் மேட்டர் குடுத்தரோணும். உள்ளூர்லயே டிஜிட்டல்ல 200 அட்டை வரைக்கும் அடிச்சுக்கலாம், அதுக்கு மேல போனாத்தான் ஆப்செட் கட்டுபடி ஆகும்.

பேப்பர்ல எல்லாரும் ஏமாறறது என்னன்னா, பளபளன்னு இருக்கோணும்னு உள்ளயும் வெளியயும் லேமினேசன் பண்ணச் சொல்லிருவாங்க. அப்புறம் மொதலாளி கையெழுத்துப் போட உக்காந்தா பேனா வழுக்கும், ஜெல் பேனா மை அரை மணி நேரம் காயாது, அடுத்த அட்டைய மேல வெச்சா இழுவிக்கும். வெளில மட்டும் மேட் லேமினேசன், உள்ள வெறும் போர்டு, பேப்பர் கனம் 300 ஜிஎஸ்எம் இருந்தா வளையாம நிக்கும், மடிக்கற எடத்துல கிரீசிங், அதாவது மடிப்புக் கோடு அழுத்தச் சொல்லுங்க, இல்லன்னா மடிப்புல மை வெடிச்சு வெள்ளக் கோடு தெரியும். கையெழுத்து எடத்துல ஸ்கேன் பண்ணுன கையெழுத்த அடிக்காதீங்க, அதுக்கு அட்டையே அனுப்பாம இருக்கலாம்.

தமிழ்ல மேட்டர் குடுத்தா புரூஃப் பாக்காம விடாதீங்க. நீங்க போன்ல யூனிகோடுல டைப் பண்ணி அனுப்புவீங்க, பிரஸ்ல பழைய ஃபாண்ட்ல மாத்துவாங்க, மாத்தறப்ப கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். ஒரு வருஷம் எங்களுக்கு "வாழ்த்து" போயி "வாழ்து" வந்துச்சு, 500 அட்டை. அப்புறம் வாழ்த்துகளா வாழ்த்துக்களான்னு ஒரு பஞ்சாயத்து வரும், நடுவுல க் போட்டா வாழ்த்துற கள்ளுன்னு அர்த்தமாயிரும்னு தமிழ் வாத்தியாருங்க சொல்லுவாங்க, கடைக்காரங்க பாதிப் பேரு க் போட்டுத்தான் அடிக்கறாங்க, நான் வம்பே வேண்டாம்னு வாழ்த்துகள்னே போட்டுர்றது. மேட்டரு சின்னதா இருக்கட்டும். "பொங்கும் மங்கலம் எங்கும் தங்க"ன்னு ஆரம்பிச்சு எட்டு வரி அடிச்சா எவரும் படிக்கறதில்ல, எடமும் போச்சு, கைல எழுத காலி எடம் வேணுமில்லீங்களா.

அந்தக் கைல எழுதறதுதான் அட்டையே. 300 அட்டைக்கும் கைல எழுத முடியாதுன்னு மொதலாளிங்க சொல்லுவாங்க. இந்த வாழ்த்து அட்டை பொறந்ததே அந்தச் சோம்பல்லதானுங்க, 1843ல லண்டன்ல ஹென்றி கோல்னு ஒருத்தரு, வந்து குமிஞ்ச கடுதாசிக்கெல்லாம் பதில் எழுத முடியாம, ஹார்ஸ்லின்னு ஒரு ஓவியர்கிட்ட படம் வரஞ்சு வாங்கி கிறிஸ்துமஸ் அட்டையா அடிச்சு, பேரு எழுத மட்டும் எடம் விட்டு அனுப்பீட்டாரு. அதனால குத்த உணர்ச்சியெல்லாம் வேண்டாம், ஆனா பேரையாவது கைல எழுதுங்க. எங்க கணக்கு என்னன்னா, லிஸ்ட்ட மூணாப் பிரிச்சுக்கறது. ஒரு முப்பது பேருக்கு மொதலாளியே ரெண்டு வரி எழுதோணும், நூறு பேருக்கு பேரும் கையெழுத்தும், மிச்சத்துக்கு வெறும் கையெழுத்து. ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு வீதம் காலைல டீ குடிக்கறப்ப முன்னால வெச்சுட்டா பத்து பன்னெண்டு நாள்ல முடிஞ்சுரும், ஒரே நாள்ல மூட்டையா வெச்சா கோவம் வந்து ரப்பர் ஸ்டாம்ப எடுத்துக்குவாரு.

அந்த ரெண்டு வரில என்ன எழுதறது. "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" எழுதாதீங்க, அது சர்க்குலர். அந்த ஆளுகிட்ட மட்டும் சொல்ற மாதிரி ஒண்ணு இருக்கோணும். 2022ல நூல் வெல தாறுமாறா ஏறி ஊரே ஸ்ட்ரைக் பண்ணுன நேரம், ஒரு ஸ்பின்னிங் மில்காரரு எங்களுக்கு பழைய ஆர்டருக்கு பழைய ரேட்டுலயே சரக்கு குடுத்தாரு. அந்த வருஷ அட்டைல மொதலாளி எழுதுனது இவ்வளவுதான்: "ஐயா, வெல ஏறுன மாசத்துல நீங்க சொன்ன சொல்லு மாறல. எங்க ஊட்ல எல்லாரும் உங்களப் பத்திப் பேசறோம். பொங்கல் வாழ்த்துகள்." அந்த அட்டை இன்னும் அந்த மில் ஆபீஸ்ல இருக்குதுங்க, நான் போறப்பெல்லாம் பாக்கறேன். இன்னொண்ணு, சாயப்பட்டறை மேனேஜர் ஒருத்தருக்கு, "ராத்திரி ரெண்டு மணிக்கு போன் எடுத்து கலர் சரி பண்ணிக் குடுத்தீங்க அண்ணா, மறக்கல." அவ்வளவு போதும். மரியாதை மட்டும் பாத்துக்கோணும், பெரியவங்களுக்கு ஐயா, நம்ம வயசுக்காரருன்னா அண்ணா, பொம்பளைங்க நடத்தற கம்பெனின்னா நேர்ல அக்கான்னு கூப்பிட்டுப் பழகியிருந்தா அட்டைலயும் அக்கா, இல்லன்னா அம்மா.

கவர் மேல பேரு எழுதறதுலயும் சூட்சுமம் இருக்குது. திருமதியா செல்வியான்னு தெரியலன்னா போட வேண்டாம், பேரு எழுதி "அவர்கள்"னு முடிச்சாப் போதும், ஆம்பள பொம்பள ரெண்டுக்கும் மரியாதையா நிக்கும், நம்ம மொழில அது ஒரு பெரிய சவுகரியம். இனிசியல் ரெண்டு இருந்தா ரெண்டும் போடோணும். பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் சேத்தி எழுதறது பழைய ஆளுங்க பழக்கம், அவுங்க லெட்டர்பேடுல அவுங்களே போட்டிருந்தா சரி, நீங்களா சேத்த வேண்டாம், பேச்சுல கூப்பிடறது வேற, தபால்காரரு கைல போற கவர் வேற. கம்பெனில ரெண்டு பங்குதாரர் இருந்தா ரெண்டு பேருக்கும் தனித்தனியா அட்டை, ஒரே அட்டைல ரெண்டு பேரு எழுதி எந்தப் பேரு மொதல்லங்கறதுல மனஸ்தாபம் வந்தத நான் கண்ணால பாத்திருக்கேன், அண்ணன் தம்பின்னா இன்னும் மோசம். அட்ரஸும் புதுசாக்குங்க, திருப்பூர் தனி மாவட்டமானது 2009ல, இன்னும் கோயமுத்தூர் மாவட்டம்னு அச்சடிச்ச லேபிள ஒட்டி அனுப்பற கம்பெனிங்க இருக்குது, பின்கோடு சரியா இருந்தா வந்துரும், ஆனா வாங்கறவருக்குத் தெரியும் இது பழைய லிஸ்ட்டுன்னு.

தபால்ல போடறதுக்கு முன்னால கவரோட சேத்தி ஒரு அட்டைய எடை போட்டுப் பாருங்க. சாதாரணத் தபால் 20 கிராம் வரைக்கும் 5 ரூபா, தாண்டுச்சுன்னா அடுத்த ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபா, நல்ல போர்டு அட்டைன்னா தாண்டீரும். ஸ்டாம்பு கம்மியா ஒட்டுனா கொறையற காசுக்கு ரெண்டு மடங்கு வாங்கறவர்கிட்ட வசூல் பண்ணுவாங்க, அதாவது உங்க வாழ்த்த அவரு காசு குடுத்து வாங்கோணும். கூரியர்காரங்க தீவாளிக்கு முன்னால ஸ்வீட் பார்சலா சொமந்துட்டிருப்பாங்க, அதுல அட்டை சிக்குனா நோம்பி முடிஞ்சுதான் வரும். லேட்டா வந்த தீவாளி வாழ்த்து ஆறுன காப்பிதான், அதுக்கு பத்து நாள் முந்தி போறது தப்பில்ல. லேட்டாயிருச்சுன்னு தெரிஞ்சா தீவாளிய விட்டுட்டு பொங்கலுக்கு அனுப்பீருங்க.

இப்ப வெளிநாட்டுப் பையருங்க. இதுலதான் நம்ம ஊர்ல நெறையப் பேரு அவுங்களுக்கு தீவாளி அட்டை அனுப்பீட்டு, கிறிஸ்துமஸுக்கு மெயில்ல ஒரு மரம் படம் அனுப்பி முடிச்சுக்கறாங்க. நம்ம நோம்பிய அவுங்களுக்குச் சொல்றது தப்பில்ல, ஆனா அவுங்க நோம்பிக்கு அட்டை போகோணும். ஐரோப்பால டிசம்பர் 24 மத்தியானத்துக்கு மேல ஆபீஸ்ல ஈ காக்கா இருக்காது, ஜெர்மனில 25, 26 ரெண்டு நாளும் லீவு, இங்கிலாந்துலயும் 26 லீவு, பாதிப் பேரு ஜனவரி மொத வாரம்தான் வருவாங்க. அதனால டிசம்பர் ரெண்டாவது வாரத்துக்குள்ள அவுங்க டேபிள்ல இருக்கோணும், சாதாரண ஏர்மெயில்னா நவம்பர் பாதிலயே போடோணும், கூரியர்னா டிசம்பர் மொத வாரம். அமெரிக்கா பையருக்கு அவரு எந்த மதம்னு தெரியலன்னா சீசன்ஸ் கிரீட்டிங்ஸ், ஹேப்பி ஹாலிடேஸ் மாதிரி பொதுவா போட்டுருங்க, கிறிஸ்துமஸ் கும்புடறாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சா மெர்ரி கிறிஸ்துமஸ்னே போடலாம். ஸ்பெயின்ல ஜனவரி 6 மூணு ராஜாக்கள் நாளுதான் பசங்களுக்கு பரிசு குடுக்கற பெரிய நாளு, அங்க கொஞ்சம் லேட்டாப் போனாலும் தப்பிச்சுக்கலாம்.

சாம்பிள் பார்சலுக்குள்ள அட்டைய வெச்சு அனுப்பற பழக்கம் நம்மகிட்ட இருக்குது, கூரியர் காசு மிச்சம்னு. பண்ணாதீங்க, பார்சல் நேரா சாம்பிள் ரூமுக்குப் போகும், அங்க இருக்கற புள்ள துணிய எடுத்துட்டு மிச்சத்த அட்டைப் பெட்டியோட போட்டுரும். தனிக் கவர், ஆளு பேருல. பெரிய மேனேஜருக்கு மட்டும் அனுப்பீட்டு தெனமும் நம்மகூட மெயில்ல மல்லுக்கட்டற மெர்ச்சண்டைசர விட்டர்றது இன்னொரு தப்பு, ஷிப்மெண்ட் ரெண்டு நாள் லேட்டாச்சுன்னா காப்பாத்தறது அந்தப் புள்ளதான். அப்புறம், ஆர்டர் நின்னு போன பையருக்கும் அட்டை போகோணும். 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்காக்காரன் நம்ம நாட்டுச் சரக்கு மேல வரிய 50 சதவீதம் ஆக்குனப்ப பல கம்பெனில ஆர்டர் பாதில நின்னுச்சு, பையர் ஆபீஸ்ல இருக்கற ஆளுங்க மேல என்ன தப்பு. எங்க மொதலாளி அந்த டிசம்பர்ல அவுங்களுக்குத்தான் மொதல்ல எழுதுனாரு, ஆர்டர் பத்தி ஒரு எழுத்து இல்லாம.

வாட்ஸ்அப் பத்தி சொல்லலன்னா நீ எந்தக் காலத்துல இருக்கறன்னு கேப்பீங்க. அட்டை இல்லாதவங்களுக்கு வாட்ஸ்அப் போதும், அதுல ஒண்ணும் கேவலமில்ல, ஆனா எவரோ அனுப்புன படத்த தள்ளி விடாதீங்க, ஃபார்வேர்டடுன்னு மேலயே எழுதிக் காட்டிக் குடுத்துரும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டா ஒரு லிஸ்ட்ல 256 பேரு வரைக்கும் சேத்தலாம், ஆனா உங்க நம்பர சேவ் பண்ணி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டுந்தான் போகும், அனுப்பீட்டோம்னு நெனச்சுட்டு இருப்பீங்க, பாதிப் பேருக்கு போயிருக்காது. வாழ்த்து சொல்றதுக்குன்னு குரூப் ஆரம்பிச்சு பார்ட்டிகளையெல்லாம் உள்ள இழுத்துப் போடறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல, ஒருத்தரு நம்பரு இன்னொருத்தருக்கு போகுது, போட்டிக் கம்பெனிக்காரனுக்கு உங்க பார்ட்டி லிஸ்ட்டே போகுது. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அனுப்பாதீங்க, நோம்பி அன்னிக்கு காலைல எல்லாரும் எண்ணெய் தலையோட இருப்பாங்க, முந்தின நாள் சாயங்காலம் நல்ல நேரம். பேரச் சொல்லி ஒரு பத்து செகண்டு வாய்ஸ் அனுப்புனா நூறு படத்துக்கு சமம்.

அட்டையோட ஸ்வீட், பரிசு அனுப்பறது தனிக் கதை, சுருக்கமாச் சொல்றேன். கவர்மெண்ட் ஆபீஸுக்கும் பேங்க் ஆபீசருக்கும் அட்டை மட்டும், அதுவும் ஆபீஸ் அட்ரஸுக்கு, பாக்ஸ் வேண்டாம், அவருக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம். வெளிநாட்டுப் பையருங்க நெறையப் பேரு பரிசே வாங்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கி வெச்சிருப்பாங்க, அவுங்க கோடு ஆஃப் காண்டக்ட்ட ஒருக்கா படிச்சுக்குங்க. உள்ளூர்ல டீலருங்களுக்கு தங்கக் காசு, டிவின்னு குடுக்கற பெரிய கைங்க, ஒருத்தருக்கு வருஷத்துக்கு 20,000 ரூபா தாண்டுனா 10 சதவீதம் டிடிஎஸ்ங்கற வருமான வரியப் புடிக்கோணும், 2022 ஜூலை 1ல இருந்து இருக்கற சட்டம், பரிசாக் குடுக்கற சரக்குக்கு ஜிஎஸ்டி கிரெடிட்டும் எடுக்க முடியாது, ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. தினசரி காலண்டர் குடுக்கறீங்கன்னா அதுவே பெரிய வாழ்த்து, 365 நாளும் சமையக்கட்டுல தொங்கும், டிசம்பர் வந்தா "காலண்டர் வந்துருச்சுங்களா"ன்னு அவுங்களே கேப்பாங்க, நம்ம ஊர்ல அட்டைய விட அதுக்குத்தான் மதிப்புன்னு ஒத்துக்கறேன்.

எல்லாரும் மறக்கறது நம்ம பக்கத்துலயே இருக்கறவங்கள. காஜா பட்டன் ஜாப் ஒர்க் பண்ற அண்ணன், அயர்ன் மாஸ்டர், லாரி ஆபீஸ் புக்கிங் கிளார்க், செக்கிங் அக்காங்க. பையருக்கு ஃபாயில் அடிச்ச அட்டை போகும், இவுங்களுக்கு ஒண்ணும் போகாது. அதே அட்டை, அதே கையெழுத்து இவுங்களுக்கும் குடுங்க, நேர்ல, கைல, பேரு எழுதி. எங்க செக்கிங்ல ஒரு அக்கா, மதுரைப் பக்கம், தீவாளிக்கு ஊருக்குப் போறப்ப அந்த அட்டைய புதுத்துணிப் பைக்குள்ள பத்திரமா வெச்சு எடுத்துட்டுப் போனாங்க, "எம் பேருக்கு மொதலாளி கைப்பட எழுதுனது"ன்னு ஊர்ல காட்டறதுக்கு. ஆனா போனஸ் கவருக்குள்ள அட்டைய வெச்சுட்டு காசக் கொறைக்கற வேலை ஆகாது, சட்டப்படி கொறஞ்சபட்ச போனஸ் 8.33 சதவீதம், அது எவ்வளவுன்னு எங்க கட்டிங் மாஸ்டருக்கு கால்குலேட்டர் இல்லாமயே தெரியும்.

உங்களுக்கு வர்ற அட்டைக்கு பதில் சொல்லோணும், அது அனுப்பறத விட முக்கியம். நீங்க ஏற்கனவே அனுப்பீருந்தா ஒரு போனு போதும், அனுப்பாதவரு கிட்ட இருந்து வந்துருச்சுன்னா அவசரமா பதில் அட்டை எழுதி அனுப்பாதீங்க, கணக்குத் தீக்கற மாதிரி இருக்கும், போன் பண்ணி அட்டை வந்துதுங்கன்னு சொல்லீட்டு அவரு பேர நோட்டுல ஏத்தி அடுத்த நோம்பிக்கு முந்திக்குங்க. வாட்ஸ்அப்ல வெறும் கும்புடு பொம்மைய மட்டும் அனுப்பறதுக்கு அனுப்பாமயே இருக்கலாம்.

பொங்கல் முடிஞ்சு ஒரு பதினஞ்சு நாள்ல திரும்பி வந்த கவருங்க வர ஆரம்பிக்கும். அதத் தூக்கிப் போட்டர்றாதீங்க. ஆளு இல்ல, கதவு பூட்டியிருக்குது, எடம் மாறீட்டாங்கன்னு தபால்காரரு பேனால எழுதீருப்பாரு, ஒவ்வொண்ணா எடுத்து போன் பண்ணிப் பாத்து நோட்டுல திருத்தோணும். இந்த ஜனவரில எங்களுக்கு ஏழு கவர் திரும்புச்சு, நாலு பேரு அட்ரஸ் மாத்தீட்டாங்க, ரெண்டு கடை இல்ல. ஏழாவது கரூர் கவர், அதே பழைய பார்ட்டி, ஆர்டர் நின்னு இத்தன வருஷமாச்சு, நாங்க அட்டைய நிறுத்தல. போன் போட்டா அவரு பையன் எடுத்து, கடைய ரெண்டு தெரு தள்ளி மாத்தீட்டோமுங்க, அப்பாதான் சொல்லீட்டிருந்தாரு, இந்த வருஷம் திருப்பூர் அட்டை இன்னும் வரலியேன்னு, அப்பிடின்னாரு. புது அட்ரஸ எழுதிக்கிட்டேன்.